தேர்தல் மின்னஞ்சல் ஸ்பாமுக்குள் போகாமல் இருக்க

இலங்கையின் உவர்மலையில் ஒரு சுயேச்சைக் குழு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வட்டாரத்து மக்களுக்கும் ரொறன்ரோ, லண்டனில் வாழும் ஊரவர்களுக்கும் மின்னஞ்சலில் பிரசாரம் செய்ய நினைக்கிறார்கள். கடிதம் ஸ்பாமுக்குள் விழுந்ததும், "எங்களை வேண்டுமென்றே மறைக்கிறாங்கள்" என்ற பேச்சு எழும்.

அமெரிக்காவிலும் இதே பேச்சு எழுந்தது. 2020 தேர்தல் மின்னஞ்சல்களை வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தினர் ஆராய்ந்தார்கள். ஜிமெயில் வலதுசாரிகளின் கடிதங்களைக் கூடுதலாக ஸ்பாமில் போட்டது. அவுட்லுக்கும் யாஹூவும் இடதுசாரிகளின் கடிதங்களைக் கூடுதலாகப் போட்டன. இது பற்றிக் கூகுளுக்கு எதிராகக் குடியரசுக் கட்சி கொடுத்த முறைப்பாட்டை அந்நாட்டு மத்திய தேர்தல் ஆணைக்குழு 2023 இல் தள்ளுபடி செய்தது. அந்த ஆய்வில் நமக்கு உதவுவது வேறொரு செய்தி: ஸ்பாமில் கிடந்த கடிதங்களை எடுத்து உள்பெட்டியில் போட்டபோது ஜிமெயிலின் சாய்வு நன்றாகக் குறைந்தது. பெறுபவரின் விரல்தான் வடிகட்டிக்குப் பாடம் சொல்கிறது.

ஆகவே முதல் வேலை பட்டியல். கோவில் திருவிழா உபயகாரர் பட்டியல், பழைய மாணவர் சங்கப் பட்டியல் என்று கிடைத்ததையெல்லாம் அள்ளிப் போடாதீர்கள். கேட்டு, சம்மதித்தவரின் முகவரியை மட்டும் சேருங்கள். நூறு பேர் போதும். சம்மதிக்காத ஆயிரம் பேரில் சிலர் "ஸ்பாம்" பொத்தானை அழுத்தினாலே, சம்மதித்த நூறு பேருக்குப் போகும் கடிதமும் ஸ்பாமில் விழலாம். பெருமளவில் அனுப்புவோரின் ஸ்பாம் முறைப்பாடு 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது என்பது கூகுளின் விதி. ஆயிரத்துக்கு மூன்று பேர்! இன்னொன்று: இலங்கையின் 2022 ஆம் ஆண்டு 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒருவரின் அரசியல் கருத்தை விசேட வகைத் தரவாகக் கொள்கிறது. யார் எந்தப் பக்கம் என்று எழுதிய பட்டியலைக் கைமாற்றவே வேண்டாம்.

அடுத்தது அனுப்பும் முகவரி. இலவச ஜிமெயில் கணக்கில் ஒரு நாளில் ஏறத்தாழ 500 பேருக்குத்தான் அனுப்பலாம். குழுவின் பெயரில் .எல்கே டொமைன் ஒன்றைப் பதிவு செய்து, அதை அமைத்துத் தருபவரிடம் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றையும் போடச் சொல்லுங்கள். கடிதம் உண்மையில் உங்களிடமிருந்துதான் வந்தது என்பதற்கு இவை சாட்சி. நாளுக்கு 5,000 கடிதங்களுக்கு மேல் அனுப்புவோருக்கு ஜிமெயில் 2024 பெப்ரவரியில் இவற்றைக் கட்டாயமாக்கியது. அவுட்லுக் 2025 மே 5 இல் கட்டாயமாக்கியது.

புதிய டொமைனில் கடைசி வாரம் திடீரென்று ஆயிரக்கணக்கில் அனுப்பினால் வடிகட்டி சந்தேகப்படும். வேட்புமனுக் காலத்திலேயே சிறிய எண்ணிக்கையில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுங்கள்.

கடிதத்தை யூனிகோட் தமிழில் எழுதுங்கள். நம்மில் பலர் இன்னும் பாமினி எழுத்துருவில் தட்டுகிறோம். அச்சகத்துக்கு அது சரி. மின்னஞ்சலில் அது வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் போய்ச் சேரும், மனிதருக்கும் புரியாது, இயந்திரத்துக்கும் புரியாது. துண்டுப்பிரசுரத்தைப் படமாக ஒட்டி அனுப்புவதும் ஆபத்து. நாலு வரி எழுத்தாவது இருக்கட்டும்: வட்டாரத்தின் வடிகான், குப்பை, தெருவிளக்கு பற்றி என்ன செய்வீர்கள் என்று.

ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் விலகுவதற்கான இணைப்பு தெளிவாக இருக்க வேண்டும். அதை ஒளித்து வைத்தால் ஆள் ஸ்பாம் பொத்தானைத்தான் அழுத்துவார். விலகியவரை இரண்டு நாளுக்குள் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

முதல் கடிதத்தில் ஒரு வேண்டுகோளையும் சேருங்கள்: "ஸ்பாமில் கண்டால் உள்பெட்டிக்கு மாற்றிவிடுங்கள்." வாக்களிப்புக்கு முந்தைய, பிரசாரம் கூடாத அமைதிக் காலத்துக்கென்று தானாகப் போக நேரம் குறித்து வைத்த கடிதங்கள் இருந்தால், இன்றே அவற்றை நிறுத்திவிடுங்கள்.