அமெரிக்க டயரும் நமது பால்மரமும்

விடியற்காலைப் பெரட்டு முடிந்து நிரைக்குச் செல்லும் பால்வெட்டுத் தொழிலாளிக்கு, தாம் வெட்டும் மரத்திற்கும் கடல் கடந்த அமெரிக்காவிற்கும் உள்ள தொடர்பு எளிதில் புலப்படுவதில்லை. ஆயினும், புக்கிட் ரோத்தான், ஜெராம், குவாலா சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்த நம் முன்னோரின் வாழ்வும் தாழ்வும் அத்தொடர்பினால் பெரிதும் பாதிக்கப்பட்டன. 1929 முதல் 1945 வரையிலான வரலாறு இதனை நன்கு விளக்கும்.

விலை வீழ்ந்த காலம்

அக்காலத்தில் உலகில் விளைந்த ரப்பரில் பாதிக்கும் மேற்பட்டதை அமெரிக்காவே வாங்கியது. அதில் பெரும்பகுதி மோட்டார் வண்டிகளின் டயருக்குப் பயன்பட்டது. 1929இல் அந்நாட்டுத் தொழிற்சாலைகள் 50 லட்சத்திற்கு மேற்பட்ட வண்டிகளைச் செய்தன. அவ்வாண்டு அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை வீழ்ந்தது. அதன்பின் வங்கிகள் மூடப்பட்டன, ஆலைகள் நின்றன. 1932இல் செய்யப்பட்ட வண்டிகள் 14 லட்சத்திற்கும் குறைவே.

வண்டி குறைந்தது, டயர் குறைந்தது, ரப்பரை வாங்குவாரும் குறைந்தனர். 1932ஆம் ஆண்டின் நடுவில் ரப்பர் விலை ராத்தலுக்குச் சுமார் 5 காசாக இறங்கியது. ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்றிருந்த நாட்கூலி குறைக்கப்பட்டது. வேலை இழந்த இந்தியத் தொழிலாளர்கள் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். 1930 முதல் 1932 வரையிலான மூன்று ஆண்டுகளில் இவ்வாறு சென்றவர்கள் ஒன்றரை லட்சத்திற்கும் மேற்பட்டவர்கள். தமிழகத்தில் நிலமோ தொழிலோ இல்லாததால் இங்கு வந்தவர்களே இவர்களுள் பலர். திரும்பிச் சென்ற இடத்திலும் அவர்களுக்கு வேலை காத்திருக்கவில்லை.

அரசாங்கத்தின் கடமை

அமெரிக்காவிலும் துன்பம் பெரிதாகவே இருந்தது. 1933இல் உழைப்பாளரில் நான்கில் ஒருவருக்கு வேலையில்லை. அவ்வாண்டு மார்ச் மாதம் பிராங்கிளின் ரூஸ்வெல்ட் குடியரசுத் தலைவராகப் பொறுப்பேற்றார். பொருளாதாரம் தானே சீராகும் என்று காத்திருத்தல் கூடாது, மக்களுக்கு வேலையும் பாதுகாப்பும் கிடைக்க அரசாங்கமே முன்வர வேண்டும் என்பது அவருடைய கொள்கை. இளைஞர்கள் காடு வளர்க்கும் பணியில் அமர்த்தப்பட்டனர், அணைகள் கட்டப்பட்டன. 1935இல் தொழிலாளர் சங்கம் அமைத்துப் பேரம் பேசும் உரிமை சட்டமாயிற்று. முதியோருக்கு ஓய்வூதியம் வழங்கும் சமூகப் பாதுகாப்புச் சட்டமும் அதே ஆண்டில் இயற்றப்பட்டது. 1938இல் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 25 காசு என வரையறுக்கப்பட்டது.

ஆயினும் ஒரு குறையை நாம் மறத்தலாகாது. வயல்களிலும் பண்ணைகளிலும் உழைத்தவர்கள் இச்சட்டங்களின் பயனை அன்று பெறவில்லை. விவசாயத் தொழிலாளர் என்ற காரணத்தால் அவர்கள் விலக்கப்பட்டனர். கறுப்பின மக்களுள் பெரும் பகுதியினர் இத்தகைய வேலையில் இருந்தமையால், அவர்களே மிகுதியாகப் பாதிக்கப்பட்டனர். சட்டம் ஒன்று வந்தது என்பதோடு நில்லாமல், அது யாருக்குப் பொருந்தும் என்பதையும் கேட்டறிதல் வேண்டும்.

கிள்ளான் போராட்டம்

1939இல் ஐரோப்பாவில் போர் மூண்டது. ரப்பர் விலை உயர்ந்தது. கூலியோ அதற்கேற்ப உயரவில்லை. 1941ஆம் ஆண்டின் முற்பகுதியில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் தொடங்கியது. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தைச் சேர்ந்த ஆர். எச். நாதன் அதில் முன்னின்றார். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்கு நல்ல கல்வி, கள்ளுக்கடை மூடல் ஆகியவை கோரிக்கைகளுள் அடங்கும். துரையோ கிராணியோ எதிர்ப்பட்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்னும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றும் கேட்டனர். கூலி உயர்வோடு மனிதருக்குரிய மதிப்பையும் அவர்கள் வேண்டினர் என்பது இதனால் விளங்கும்.

மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டு, பின்னர் நாடு கடத்தப்பட்டார். போராட்டம் குவாலா சிலாங்கூர்ப் பகுதிக்கும் பரவியது. படைகள் வரவழைக்கப்பட்டன, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் ஐவர் உயிரிழந்தனர். அமெரிக்காவில் 1935இல் சட்டமாகிய உரிமையைக் கேட்டதற்காக, ஆறாண்டு கழித்து இங்கு உயிர் கொடுக்க நேர்ந்தது.

போர் வந்த காலம்

1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. ஏறக்குறைய அதே நேரத்தில் அமெரிக்காவின் பேர்ல் துறைமுகமும் தாக்கப்பட்டது. 1942 ஜனவரித் தொடக்கத்தில் குவாலா சிலாங்கூர்க் கடற்கரையிலும் ஜப்பானியர் வந்தனர். ஜனவரி 11இல் கோலாலம்பூர் வீழ்ந்தது.

அமெரிக்கா தனக்கு வந்த இயற்கை ரப்பரில் பத்தில் ஒன்பது பங்கை இழந்தது. அங்கே முதலில் பங்கீடு செய்யப்பட்ட பொருள் டயரேயாகும். பழைய டயர், தண்ணீர்க் குழாய், காலணி ஆகியவற்றைக் கொண்டுவந்து தருமாறு அரசாங்கம் மக்களை வேண்டியது. செயற்கை ரப்பர் ஆலைகள் விரைந்து எழுந்தன. போர் முடியும் தறுவாயில் அவை ஆண்டுக்கு 7 லட்சம் டன்னுக்கு மேல் உற்பத்தி செய்தன. அந்நாள் முதல் இயற்கை ரப்பருக்கு நிலையான போட்டி ஏற்பட்டது.

இங்கோ, வாங்குவார் இன்றித் தோட்டங்கள் முடங்கின. அரிசி கிடைக்காமல் மரவள்ளிக்கிழங்கே உணவாயிற்று. சயாம்–பர்மா ரயில்பாதைக்கென நம் தோட்டங்களிலிருந்து பல்லாயிரவர் கொண்டு செல்லப்பட்டனர். 1943 அக்டோபரில் முடிந்த அப்பாதை சுமார் 415 கிலோமீட்டர் நீளமுடையது. காலராவாலும் பசியாலும் மாண்டு, வீடு திரும்பாதவர் எண்ணற்றோர்.

நாம் பெற்ற பாடம்

போருக்குப் பின் நம் நாட்டிலும் பாதுகாப்புகள் ஒவ்வொன்றாக வந்தன. 1951இல் ஊழியர் சேமநிதி, 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம், 1969இல் சமூகப் பாதுகாப்புச் சட்டம், 2013இல் தோட்டங்களுக்கும் உரிய குறைந்தபட்ச ஊதியம் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. உலகச் சந்தையின் ஏற்ற இறக்கத்தை நம்மால் நிறுத்த இயலாது. ஆனால், அதன் சுமை முழுவதும் தொழிலாளியின் தோளில் விழாமல் சட்டமும் சேமிப்பும் ஒற்றுமையும் காக்கும். எனவே, சேமநிதிக் கணக்கைத் தவறாமல் சரிபார்ப்பீர். சங்கக் கூட்டத்திற்குச் செல்வீர்.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

1. அமெரிக்காவில் வண்டி உற்பத்தி குறைந்தபோது நம் தோட்டங்களில் கூலி குறைந்தது ஏன்?
2. 1935ஆம் ஆண்டுச் சட்டங்களிலிருந்து யார் விலக்கப்பட்டனர்?
3. உங்கள் குடும்பத்தில் சயாமுக்குச் சென்றவர் உண்டா? பெரியவர்களைக் கேட்டு எழுதி வைப்பீர்.