பட்ஜெட்டில் பிழை எவ்வளவு?

ஊசல் சோதனையில் எதிர்பார்த்த மதிப்பு, அளந்த மதிப்பு, பிழைச் சதவீதம் ஆகிய மூன்றையும் குறிப்பேட்டில் எழுதுகிறோம் அல்லவா? நாட்டின் பட்ஜெட்டையும் இப்படிச் சோதித்துப் பார்க்கலாம்.

நம் அரசியல் சட்டத்தின் 112-ஆம் பிரிவின்படி, மத்திய அரசு ஆண்டுதோறும் தன் வரவு செலவு மதிப்பீட்டை நாடாளுமன்றத்தின் முன் வைக்க வேண்டும். 2017 முதல் பிப்ரவரி 1-ஆம் நாள் இதைச் சமர்ப்பிப்பது வழக்கம். நிதியாண்டு தொடங்குவதோ ஏப்ரல் 1-இல்! ஆகவே புதிய ஆண்டுக்கான எண்கள் எல்லாம் முன்கணிப்புகளே. அடுத்த பிப்ரவரியில் 'திருத்திய மதிப்பீடு' வரும். அப்போதும் ஆண்டு முடிந்திருக்காது. அதற்கும் அடுத்த பிப்ரவரியில்தான் உண்மைக் கணக்கு பட்ஜெட்டில் இடம்பெறும்.

வரி வரவைக் கணிக்க, நாட்டின் மொத்த உற்பத்தி எவ்வளவு வளரும் என்று முதலில் மதிப்பிட வேண்டும். 2020 பிப்ரவரியில், விலையேற்றத்தையும் சேர்த்து 10 சதவீதம் வளரும் என்று கொண்டார்கள். மார்ச் 25-இல் கொரோனா ஊரடங்கு வந்தது. தொழில்கள் முடங்கின, வரி குறைந்தது, நிவாரணச் செலவு கூடியது.

2020–21 கணக்கைப் பாருங்கள் (இலட்சம் கோடி ரூபாயில்):

வரவு (கடன் நீங்கலாக): மதிப்பீடு 22.46, உண்மை 16.92
செலவு: மதிப்பீடு 30.42, உண்மை 35.10
பற்றாக்குறை: மதிப்பீடு 7.96, உண்மை 18.18

வரவில் பிழை சுமார் 25 சதவீதம். செலவில் 15 சதவீதம். பற்றாக்குறையிலோ 128 சதவீதம்! இது எப்படி?

பற்றாக்குறை என்பது இரண்டு பெரிய எண்களின் வித்தியாசம். ஒரு மாங்காயின் எடையை அறிய, அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு முறையும், வைக்காமல் ஒரு முறையும் எடை இயந்திரத்தில் ஏறி நிற்பதாகக் கொள்வோம். இயந்திரம் கால் கிலோ தவறினால், உங்கள் எடைக்கு அது அற்பம். மாங்காய்க்கோ முழு எடையே தவறிவிடும்! பட்ஜெட்டில் வரவு 5.54 குறைந்தது, செலவு 4.68 கூடியது. இரண்டு பிழைகளும் சேர்ந்து 10.22 ஆகப் பற்றாக்குறையின் தலையில் விழுந்தன.

பற்றாக்குறையை அரசு கடன் வாங்கி ஈடுகட்டுகிறது. அதற்கு வட்டி கட்டப்போகிறவர்களில் நாளை வரி செலுத்தும் நீங்களும் உண்டு. முன்கணிப்பு தவறுவது குற்றமன்று. எந்தச் சோதனையிலும் பிழை உண்டு. பிழையை எல்லோரும் கணக்கிட்டுப் பார்க்கும்படி எண்களை வெளியிடுவதே முக்கியம்.

செய்து பாருங்கள்: அடுத்த பட்ஜெட் வந்ததும், அதிலுள்ள உண்மைக் கணக்கு எந்த ஆண்டுக்கு உரியது என்று பாருங்கள். நூலகத்தில் இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய பிப்ரவரிச் செய்தித்தாளை எடுத்து, அதே ஆண்டின் மதிப்பீட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். பிழைச் சதவீதம் எவ்வளவு?