கோடையில் துடுக்கான குதிரைக்குத் தீனி

வரதராஜன்பேட்டை போன்ற முந்திரிக்காட்டுப் பிரதேசங்களில் பங்குனியில் ஏறும் வெயில் சித்திரை, வைகாசியில் உச்சமடைகிறது. சவாரிக்கென்றோ ரேக்ளா வண்டிக்கென்றோ குதிரை வைத்திருப்போர், அது மிரளுகிறதென்றும் கடிவாளத்துக்கு அடங்கவில்லையென்றும் அக்காலத்தில் முறையிடுவதுண்டு. வெயிலைக் குறை கூறுவோர் பலர். தீனித் தொட்டியை நோக்குவோர் சிலரே. உஷ்ணத்தை உத்தேசித்து வேலையைக் குறைத்துத் தானியத்தை மட்டும் பழைய அளவிலேயே வைத்தால், செலவாகாத சக்தி துடுக்காக வெளிப்படும்.

குதிரையின் இரைப்பை அதன் தேகத்துக்கு மிகச் சிறியது. நாள் முழுதும் சிறிது சிறிதாகப் புல் மேயவே அமைந்தது. ஒரே வேளையில் மிகுதியாகத் தானியம் புகுந்தால், மாவுச்சத்து சிறுகுடலில் முற்றும் ஜீரணமாகாமல் பெருங்குடலை அடைந்து புளிக்கிறது. வயிற்றுவலியும் குளம்பினுள் அழற்சியும் அதனால் உண்டாகும். ஓய்வு நாளில் முழுத் தானியமும் தின்று மறுநாள் பூட்டப்படும் குதிரை, தசை இறுகி, சிறுநீர் கறுத்து, நடுவழியில் நின்றுவிடுவதுமுண்டு. ஆகையால் ஓய்வுக்கு முந்திய இரவே தானியத்தைப் பாதியாக்குதல் வேண்டும்.

தீனிப் பிழை நம் நாட்டுக்குப் புதிதன்று. 13ஆம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, இங்கே குதிரைகளுக்கு இறைச்சியும் சோறும் வேகவைத்து ஊட்டியதையும், கடல்வழி வந்த குதிரைகள் பெரும்பாலும் மடிந்ததையும் எழுதியுள்ளார்.

300 கிலோ எடையுள்ள மட்டக் குதிரைக்குத் தினம் 5 முதல் 6 கிலோ உலர்ந்த புல் அவசியம். அறுகு உத்தமமானது. மண்ணும் பூஞ்சணமும் இல்லாத கடலைக்கொடியை ஒரு பங்கு சேர்க்கலாம். கோடை மழைக்குச் சோளத் தாளில் துளிர்த்த தழையில் நஞ்சுண்டு, அதில் மேயவிடலாகாது. கொள்ளை ஊறவைத்து வேகவைத்து, வேளைக்கு அரைக் கிலோவுக்கு மேற்படாமல் வைக்கவும். தவிட்டையே நம்பினால் சுண்ணாம்புச் சத்துக் குறைந்து எலும்பு கெடும். துடுக்குள்ள குதிரை மெலிந்துமிருந்தால், தானியத்தைக் கூட்டாமல் கடலையெண்ணெயைச் சிறிதளவில் தொடங்கி 100 மில்லி வரை தீனியில் கலக்கலாம். எண்ணெயும் புல்லும் தரும் சக்தி தானியத்தைப்போல் ஒரேயடியாகப் பொங்குவதில்லை.

வியர்வையோடு உப்பும் வெளியேறுவதால் தினம் 30 கிராம் கறியுப்பு வேண்டும். மிக வியர்த்தால் இன்னும் சற்றுக் கூட்டலாம். சாதாரண நாளில் 20 லிட்டர் குடிக்கும் குதிரை, கோடையில் உழைத்தால் இருமடங்கு குடிக்கும். நிழலில் எப்போதும் சுத்த ஜலம் இருக்கட்டும்.

எம்மாறுதலையும் பத்து நாட்களில் படிப்படியாகச் செய்க. அப்போதும் துடுக்கு அடங்காவிடில், பல்லையும் சேணம் உராயும் முதுகையும் கால்நடை மருத்துவரிடம் காட்டுக. வலியாலும் குதிரை மிரளும்.