ஃபியட் வாங்கப் போனால் முதலில் தரையில் படுங்கள்

இத்தாலிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைத் தேடிப் பிடித்துப் புதுப்பிக்க வேண்டும் என்று காட்டாங்குளத்தூர் பக்கத்துப் பையன்கள் கேட்கிறார்கள். ஆல்ஃபா ரோமியோவுக்கு ஜி.எஸ்.டி. சாலை முழுக்கத் தேடினாலும் ஒரு உதிரி கிடைக்காது. நம் கைக்கு எட்டும் இத்தாலிக்காரன் ஃபியட் 1100தான். 1953இல் இத்தாலியில் வந்த வண்டி. பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் கையில் எலிகண்ட், செலக்ட், டிலைட், கடைசியில் பத்மினி என்று பேர் மாறிக்கொண்டே போனது. 1089 சி.சி., ஸ்டியரிங் ஓரத்தில் கியர். இதெல்லாம் ஸ்போர்ட்ஸ் காரா என்று முகம் சுளிக்க வேண்டாம், சோழவரம் ஓடுதளத்தில் பந்தயம் ஓடிய வண்டி இது.

முதலில் ஆர்.சி. புக். இன்ஜின் நம்பர், சேசிஸ் நம்பர் இரண்டையும் உங்கள் கண்ணால் வண்டியில் படித்து ஒத்துப்பாருங்கள். நிறைய பத்மினிகளில் டீசல் இன்ஜின் ஏற்றியிருப்பார்கள். அது புக்கில் ஏறியிருக்காது. 'பேப்பர் அப்புறம் பார்த்துக்கலாம் சார்' என்று புரோக்கர் சொன்னால் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள். ஐம்பது வயது தாண்டிய வண்டிக்கு 2021 விதிப்படி 20,000 ரூபாய் கட்டி 'வி.ஏ.' எழுத்துள்ள விண்டேஜ் எண் வாங்கலாம். ஆனால் அப்புறம் அதைத் தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல், ரிப்பேர், அவ்வளவுதான். பொத்தேரி வரை போய் பரோட்டா வாங்கி வர ஆசை இருந்தால் பழைய எண்ணையே புதுப்பித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி எல்லாரும் சறுக்கும் இடம். வாங்க வருகிறவர்கள் பானட்டைத் திறந்து இன்ஜின் சத்தத்தைக் கேட்டுத் தலையாட்டுகிறார்கள். இன்ஜின் கெட்டால் லேத்தில் ரீபோர் செய்துவிடலாம். பாடி கெட்டால்தான் பணம் போகும். ஜீப் மாதிரி இதற்குத் தனி சேசிஸ் கிடையாது; பாடியேதான் முதுகெலும்பு. கதவுக்குக் கீழே நீளமாகப் போகும் படி துருப்பிடித்தால் வண்டியே ஒடிந்த மாதிரி.

ஒரு பாயை விரித்துக் கீழே படுங்கள். படி நெடுகக் காந்தத்தை ஓட்டுங்கள். ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, பட்டிதான் இருக்கிறது. பிறகு முன்பக்கம் ஒரு ஓரத்தில் ஜாக்கி கொடுத்துத் தூக்கிக் கதவைத் திறந்து மூடுங்கள். இறங்கியிருந்தபோது ஒழுங்காக மூடிய கதவு இப்போது இடிக்கிறதென்றால் படி செத்துவிட்டது. பெயிண்ட் பளபளப்பாக இருக்கிற வண்டியில்தான் இந்தச் சோதனை அவசியம். முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் 2015 டிசம்பர் வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் படிக்குள் சேறு தங்கியிருக்கும். ஸ்க்ரூ டிரைவரால் தட்டினால் சத்தம் மொத்தையாக வரும்.

அப்படியும் மனசு கேட்காமல் வாங்கினால், துருப்பிடித்த படியை வெட்டுவதற்கு முன் ஒரு வேலை பாக்கி. ஒவ்வொரு கதவு வாசலுக்கும் குறுக்கே ஒரு இரும்புப் பைப்பை வெல்டு வைத்து இறுக்குங்கள். ஒரு பக்கம் வெட்டி, புதுத் தகடு வைத்து, கதவை மாட்டி மூடிப் பார்த்த பிறகே மறுபக்கத்தைத் தொட வேண்டும். என் முதல் டிலைட்டில் டிங்கர் அவசரப்பட்டு இரண்டு பக்கத்தையும் ஒரே நாளில் அறுத்துப் போட்டார். நடுவில் விரற்கடை அளவு தொங்கிப்போனது. விற்கும் நாள்வரை பின்கதவை இடுப்பால் இடித்துத்தான் சாத்தினேன். தகடு 18 கேஜ் போதும். கேஸ் வெல்டிங் வேண்டாம், தகடு நெளியும். மறைமலை நகர் பக்கம் மிக் வெல்டிங் தெரிந்த நல்ல கைகள் உண்டு. ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டால் வருவார்கள். படியின் அடியில் தண்ணீர் வடியும் துளைகளை அண்டர்கோட் பூசி அடைத்துவிடாமல் பக்கத்திலேயே நில்லுங்கள்.

உதிரிகளுக்குப் புதுப்பேட்டை, ஜி.பி. ரோடு. பழசைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள், வாயால் விளக்கினால் வேறு எதையோ கொடுப்பார்கள். பெட்ரோல் ஹோஸ், பம்ப்பின் டயஃப்ரம் இரண்டையும் கேட்காமலே மாற்றிவிடுங்கள். இப்போது வரும் எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரைத் தின்றுவிடும்.

பெயிண்ட் கடைசி. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் என்.சி. பெயிண்ட் அடித்தால் வெள்ளையாகப் பூத்துப்போகும். பாடி வேலை மழைக்குள் முடிந்துவிட்டால் எபாக்ஸி ப்ரைமர் அடித்துத் தை வரை ஷெட்டில் நிறுத்துங்கள். சாதா ப்ரைமரோடு நிறுத்த வேண்டாம், அது ஈரம் குடிக்கும்.