தூக்கம் பிடிக்காதவர்களுக்கு: வேலூர், ஆம்பூர் பக்கத்து வீடுகளுக்கான குறிப்புகள்

வாரத்தில் 3 இரவுகளாவது தூக்கம் கெட்டு, அது 3 மாதம் நீடித்தால் நாள்பட்ட தூக்கமின்மை என்கிறார்கள் மருத்துவர்கள். ராணிப்பேட்டையிலிருந்து வாணியம்பாடி வரை இந்தக் குறை இல்லாத தெரு அரிது. விடியுமுன் எழுந்து சமைத்து, கம்பெனி பஸ் பிடித்து, நாள் முழுக்க ஷூவின் மேல்பாகமான அப்பரைத் தைத்துவிட்டு வரும் பெண்ணுக்கு உடம்பெல்லாம் அசதி. ஆனாலும் படுத்தால் கண் மூடுவதில்லை. அசதி வேறு, தூக்கம் வேறு. கீழே உள்ளவற்றில் இரண்டாவது குறிப்பை மட்டுமாவது பொறுமையாகப் படியுங்கள்.

1. ஒரு நோட்டு போடுங்கள். எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், ஏறக்குறைய எவ்வளவு நேரம் தூங்கினீர்கள், எப்போது எழுந்தீர்கள், டீ எத்தனை, மாத்திரை என்ன என்று இரண்டு வாரம் எழுதுங்கள். காலையில் எழுந்த பிறகு உத்தேசமாக எழுதினால் போதும். இரவில் மணி பார்க்கவே கூடாது. "ஐயோ, இரண்டாகிவிட்டதே" என்ற பதற்றமே மிச்சத் தூக்கத்தையும் விரட்டும். சுவர்க் கடிகாரத்தைத் திருப்பி மாட்டுங்கள். செல்போன் கூடத்தில் சார்ஜ் ஏறட்டும்.

2. படுக்கையில் இருக்கும் நேரத்தைக் குறையுங்கள். தூக்கம் வராதவரிடம் போய்க் குறைவாகப் படு என்பதா என்று தோன்றும். ஆனால் மருந்தில்லாத வழிகளில் மிக நன்றாகச் சோதிக்கப்பட்டவற்றுள் இது ஒன்று. அமெரிக்காவில் உளவியலாளர் ஆர்தர் ஸ்பீல்மேனும் அவருடன் இருந்தவர்களும் 1987-இல் இதை விளக்கி எழுதினார்கள். இதையும் அடுத்த குறிப்பில் வருவதையும் சேர்த்த சிகிச்சைக்குச் சி.பி.டி.-ஐ (CBT-I) என்று பெயர். மாத்திரைக்கு முன் இதைத்தான் கொடுக்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற அமைப்பு 2016-இல் அறிவுறுத்தியது.

கணக்கு எளிது. காலை 5 மணிக்கு எழ வேண்டியவர், தூக்கம் வராதே என்ற பயத்தில் இரவு 9 மணிக்கே படுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். படுக்கையில் 8 மணி நேரம். நோட்டுப்படி தூங்கியதோ ஐந்தரை மணி நேரம். மீதி இரண்டரை மணி நேரம் புரண்டதுதான். அவர் இனி 11.30-க்குத்தான் படுக்க வேண்டும். அதுவரை கூடத்தில் உட்கார்ந்து துணி மடிக்கலாம், மறுநாள் சமையலுக்குக் காய் நறுக்கி வைக்கலாம். எழுவது 5 மணிக்கே, ஞாயிற்றுக்கிழமையும் அப்படியே. பகலில் குட்டித் தூக்கமும் வேண்டாம். ஒரு வாரம் கழித்து நோட்டைப் பாருங்கள். படுத்த நேரத்தில் 85 சதவீதம், அதாவது ஐந்தரை மணி நேரத்தில் சுமார் 4 மணி 40 நிமிடம் தூங்கியிருந்தால், படுக்கும் நேரத்தை 11.15 ஆக்குங்கள். பிறகு வாராவாரம் கால் மணி நேரம்.

முதல் இரண்டு வாரம் கஷ்டமாகத்தான் இருக்கும். பகலில் கண் செருகும். அதனால் கிளிக்கிங் மெஷினில் தோல் வெட்டுபவர்கள், டேனரியில் இயந்திரத்தில் நிற்பவர்கள், லாரி ஓட்டுபவர்கள் டாக்டர் துணையில்லாமல் இதை ஆரம்பிக்க வேண்டாம். வலிப்பு உள்ளவர்களுக்கும், மனநிலை மிக ஏறி மிக இறங்கும் நோய் உள்ளவர்களுக்கும் இது ஆகாது. எவராயினும் ஐந்தரை மணி நேரத்துக்குக் கீழே குறைக்காதீர்கள்.

3. பாய் தூங்க மட்டும். படுத்துச் சுமார் 20 நிமிடம் ஆகியும் தூக்கம் வரவில்லை என்று தோன்றினால் எழுந்துவிடுங்கள். மங்கிய வெளிச்சத்தில் வாசற்படியில் உட்காருங்கள், கண் சொக்கும்போது மட்டும் திரும்புங்கள். உளவியலாளர் ரிச்சர்ட் பூட்சின் 1972-இல் சொன்ன முறை இது. படுக்கை என்றாலே விழித்துக் கிடக்கும் இடம் என்று மனதுக்குப் பழகிப்போனதை இது மாற்றுகிறது. ஒற்றை அறை வீட்டில் தனிப் படுக்கையறைக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். கட்டில் மெத்தையை விடக் கோரைப்பாய் இதற்குத் தோது. எழுந்தால் சுருட்டி மூலையில் சாத்துங்கள், தூக்கம் வரும்போது விரியுங்கள். பாயில் உட்கார்ந்து சாப்பிடுவது, சீரியல் பார்ப்பது, சீட்டுக் கணக்குப் போடுவது எல்லாவற்றையும் வேறு இடத்துக்கு மாற்றுங்கள்.

4. வேலூர் வெயிலுக்கு. மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் இது. பகலெல்லாம் வாங்கிய சூட்டைக் கான்கிரீட் தளம் நடுராத்திரி வரை கீழே இறக்கிக்கொண்டே இருக்கும். உடம்பின் உள்சூடு கொஞ்சம் இறங்கினால்தான் தூக்கம் வரும் என்பதால் இது சின்ன விஷயமில்லை. கோடைக்கு முன்பே மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள். பொழுது சாய்ந்ததும் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து காற்று ஓட விடுங்கள். கொசுவலை கட்டினால்தான் ஜன்னல் திறந்திருக்கும். சூட்டைப் பிடித்து வைக்கும் ஃபோம் மெத்தையை விட இலவம்பஞ்சு மெத்தையோ வெறும் பாயோ மேல். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு வெதுவெதுப்பான நீரில் குளியுங்கள். தோலில் ரத்தம் ஓடி, உள்சூடு வெளியேற அது உதவும்.

5. மதிய உணவுக்குப் பிறகு டீ, காபி வேண்டாம். குடித்த காஃபினில் பாதி உடம்பை விட்டுப் போகவே சுமார் 5 மணி நேரம் ஆகும். சாயங்கால இடைவேளையில் கம்பெனியில் வரும் டீயின் மிச்சம் இரவு 9 மணிக்கும் உள்ளே இருக்கிறது. எல்லோரும் குடிக்கையில் கை சும்மா இருக்காது. சுக்கு வெந்நீரோ மோரோ எடுத்துப்போங்கள்.

6. பிரியாணி மதியத்துக்கு. ஆம்பூர்க்காரர்களிடம் சொல்லக்கூடிய பேச்சில்லைதான். ஆனால் ராத்திரி 10 மணிக்குக் கத்தரிக்காய்த் தொக்கோடு சாப்பிட்டு உடனே படுத்தால் நெஞ்சு எரியும். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் 3 மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

7. "அண்ணா, தூங்குறதுக்கு ஏதாவது ஒண்ணு குடுங்க" என்று மெடிக்கல் ஷாப்பில் கேட்காதீர்கள். அலர்ஜிக்கான அவில் மாதிரி மாத்திரைகள் மந்தம் தரும் என்பதால் பலர் தூக்கத்துக்குப் போடுகிறார்கள். சில நாட்களிலேயே உடம்பு அதற்குப் பழகிவிடும். வாய் வறட்சியும் காலை மந்தமும் மட்டும் நிற்கும். வயதானவர்களுக்குச் சிறுநீர் அடைக்கும், மனம் குழம்பும். அல்பிரசோலம், சோல்பிடெம் போன்றவை எச்1 அட்டவணை மருந்துகள். டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது. விற்றதைக் கடைக்காரர் பதிவு செய்து 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். அவசரத்துக்குச் சில நாள் உதவும் மருந்துகள்தான் இவை. மாதக்கணக்கில் போனால் விட முடியாத பழக்கமாகும், முதியவர்கள் இரவில் எழும்போது விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்வார்கள். சோல்பிடெம் பெண்களின் உடம்பை விட்டு மெதுவாகத்தான் வெளியேறுகிறது என்பதால் 2013-இல் அமெரிக்க மருந்துத் துறை பெண்களுக்கான அளவைப் பாதியாக்கியது. காலையில் மெஷின் முன் உட்காரும் பெண்கள் இதை மறக்க வேண்டாம். ஏற்கனவே ரொம்ப நாளாகச் சாப்பிடுபவர்கள் திடீரென நிறுத்தாதீர்கள், வலிப்புகூட வரலாம். டாக்டர் சொல்லும்படி மெல்ல மெல்லக் குறைக்க வேண்டும்.

மெலட்டோனின் மாத்திரை தூக்க நேரம் தள்ளிப்போனவர்களுக்கும் வெளிநாட்டுப் பயணத்துக்கும் உதவுவது போல நாள்பட்ட தூக்கமின்மைக்கு உதவுவதில்லை.

8. பாட்டி வைத்தியம். இளஞ்சூட்டில் பால் குடிப்பதில் தவறில்லை, மனம் அடங்கும். ஜாதிக்காய் ஒரு சிட்டிகைக்கு மேல் போகக் கூடாது. ஓரிரு டீஸ்பூன் அளவே விஷமாகி மயக்கமும் படபடப்பும் தரும். அமுக்கரா கிழங்குக்கு ஓரளவு பலன் இருப்பதாகச் சிறிய ஆய்வுகள் காட்டுகின்றன. கர்ப்பிணிகளும் தைராய்டு, கல்லீரல் கோளாறு உள்ளவர்களும் அதைத் தொட வேண்டாம். கசகசா பாலில் அரைத்துக் குடிப்பது நம் பக்கத்து வழக்கம். வளைகுடாவுக்குப் போகும் பிள்ளையின் பெட்டியில் மட்டும் அதை வைத்துவிடாதீர்கள். சவுதியிலும் துபாயிலும் அது தடை செய்யப்பட்ட பொருள், ஜெயில் வரை போகும். தூக்க மாத்திரையையும் அந்த நாட்டு விதி விசாரிக்காமல், சீட்டில்லாமல் கொடுத்தனுப்பாதீர்கள்.

9. கால் குடைச்சலா என்று பாருங்கள். படுத்ததும் கெண்டைக்காலில் ஏதோ ஊர்வது போலவும், காலை ஆட்டினால் தேவலை போலவும் இருக்கிறதா? ரத்தத்தில் இரும்புச்சத்து குறைந்தால் இது வரும். தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள். ஹீமோகுளோபினோடு, இரும்புச்சத்தின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்லுங்கள். முருங்கைக்கீரை, ஈரல் சாப்பிட்டு, உடனே டீ குடித்தால் அவற்றின் இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. இவர்கள் தூங்குவதற்காக அவில் போட்டால் குடைச்சல் கூடும். மாத்திரை போட்டும் தூங்கவில்லை என்று அலுத்துக்கொள்பவர்களில் சிலருக்குக் காரணம் இதுதான்.

10. பலத்த குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறி விழிப்பது, காலையில் தலைவலி இருந்தால் தூக்க மாத்திரை ஆபத்து. மூச்சை இன்னும் அடக்கும். முதலில் தூக்கப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

11. ரமலான் நோன்பில் சஹர் என்ற விடியலுக்கு முந்தைய உணவுக்கு எழும் வீடுகளில், தராவீஹ் என்ற இரவுத் தொழுகை முடிந்ததும் பேச்சை வளர்க்காமல் படுத்துவிடுங்கள். இரண்டாம் குறிப்பைப் பெருநாளுக்குப் பிறகு தொடங்கலாம்.

12. விடியற்காலை 3 மணிக்கே விழிப்பு, பிறகு தூக்கமில்லை, எதிலும் ஆசையில்லை, கடன் நினைவு என்றால் அது மனச்சோர்வாக இருக்கலாம். வேலூரில் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையமும் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கின்றன. பஸ் ஏற முடியாத இரவில் 14416-க்குப் போன் செய்யுங்கள். டெலி மானஸ் என்ற அந்த அரசு மனநல உதவி எண்ணுக்குக் கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம். டாக்டரைப் பார்க்கும்போது அந்த நோட்டையும், சாப்பிட்ட மாத்திரை அட்டைகளையும் கையோடு கொண்டுபோங்கள்.