சஷ்டி விரதமும் என் இன்சுலின் ஊசியும்

 

"ப்ரோ, எனக்கு டைப் 1 சுகர், சஷ்டிக்கு ஆறு நாள் விரதம் இருக்கலாமா?"ன்னு நிறைய பேர் கேக்குறீங்க. எனக்கும் அதே சுகர்தான், 13 வயசுல இருந்து. நான் டாக்டர் இல்ல, தப்பு பண்ணிக் கத்துக்கிட்டவன். அதனால கொஞ்சம் விரிவாவே எழுதுறேன்.

முதல் விரதம் 19 வயசுல. யார்கிட்டயும் கேக்கல. என் கணக்கு ரொம்ப சிம்பிள்: ஊசி சாப்பாட்டுக்காகப் போடுறது, சாப்பாடே இல்லன்னா ஊசி எதுக்கு? காலையில பால், ராத்திரி ஒரு பழம். எல்லா ஊசியையும் நிறுத்திட்டேன். ரெண்டாம் நாள் ராத்திரி தாகம் தாங்கல. மூணாம் நாள் காலையில வாந்தி, வயித்து வலி, மேல்மூச்சு கீழ்மூச்சு. விரதக் களைப்புன்னு நினைச்சு, கவசம் சொல்லிட்டுப் படுத்துட்டேன். என் மூச்சுல அழுகின பழ வாடை அடிக்குதுன்னு அம்மாதான் பயந்து ஆட்டோ பிடிச்சாங்க. சுகர் 480, கூடவே கீட்டோன். அந்த வருஷ சூரசம்ஹாரத்தை ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துக்கிட்டு போன்லதான் பார்த்தேன்.

என் கணக்கு எங்க தப்புன்னா, நாம சாப்பிட்டாலும் சாப்பிடாட்டியும் கல்லீரல் ராத்திரி பகலா ரத்தத்துல சர்க்கரையை விட்டுக்கிட்டே இருக்கும். மத்தவங்களுக்கு கணையம் சுரக்குற இன்சுலின் அதைக் கட்டுக்குள்ள வைக்கும். நமக்கு அது இல்ல. இன்சுலின் சுத்தமா இல்லன்னா உடம்பு கொழுப்பை உருக்க ஆரம்பிக்கும், ரத்தம் அமிலமாகும். கவனிக்காம விட்டா உயிரே போகும். அதனால ஒரு நாளைக்கு ஒரு தடவை போடுற நீண்ட நேர ஊசியை, பட்டினி கிடந்தாலும் முழுசா நிறுத்தக் கூடாது. அளவு குறையலாம். எவ்வளவுன்னு உங்க டாக்டர்தான் சொல்லணும். சாப்பாட்டு ஊசி வேற, அது நீங்க சாப்பிடுற மாவுச்சத்துக்குத் தகுந்த மாதிரி.

இன்னொரு விஷயம் படிச்சப்போ எனக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு. இன்சுலின் வர்றதுக்கு முன்னாடி இந்த நோய்க்கு டாக்டர்கள் கொடுத்த வைத்தியமே பட்டினிதான். குழந்தைங்க எலும்பும் தோலுமா கொஞ்ச நாள் கூடுதலா இருந்தாங்க, அவ்வளவுதான். 1922 ஜனவரியில டொராண்டோவுல லியோனார்ட் தாம்சன்ங்கிற 14 வயசுப் பையனுக்குத்தான் முதல்ல இன்சுலின் போட்டாங்க. அவன் அதுக்கப்புறம் 13 வருஷம் வாழ்ந்தான். பட்டினியால காப்பாத்த முடியாததை ஊசி காப்பாத்துச்சு. நான் அந்த ஊசியைத்தான் சாமி பேரைச் சொல்லி நிறுத்தினேன்!

இப்போ எப்படி இருக்கேன்? ஐப்பசி பிறக்கும்போதே டாக்டரைப் பார்த்துடுவேன். ஒரு வருஷம் அவர் "வேண்டாம்"னார், கோவில் மட்டும் போயிட்டு வந்தேன். மத்தபடி மதியம் ஒரு வேளை சாப்பாடு, காலையும் ராத்திரியும் பால், பழம். ஒரு டம்ளர் பால்ல மாவுச்சத்து 10 கிராம் கிட்ட, பெரிய வாழைப்பழம்னா 25 வரைக்கும் வரும். பழம்தானேன்னு நாலு உரிச்சுப் போட்டா சுகர் மலையேறிடும், பழனி மலை இல்ல. விரத நாள்ல விரல்ல குத்திப் பார்க்குறது அதிகமாகும், குறையாது: எழுந்ததும், சாப்பிடும் முன்னாடி, தூங்கும் முன்னாடி, நடுவுல தலை சுத்தினா உடனே. 250-க்கு மேலேயே நின்னாலோ வாந்தி வந்தாலோ சிறுநீர்ல கீட்டோன் பட்டை வெச்சுப் பார்ப்பேன். கீட்டோன் இருந்தா அன்னிக்கு விரதம் கிடையாது, நேரா ஆஸ்பத்திரி.

ஏறுறது ஒரு பயம்னா இறங்குறது இன்னொண்ணு. 70-க்குக் கீழ போனா கை நடுங்கும், வேர்க்கும், எரிச்சல் எரிச்சலா வரும். உடனே 15 கிராம் குளுக்கோஸ், இல்லன்னா மூணு டீஸ்பூன் சர்க்கரை தண்ணியில. 15 நிமிஷம் கழிச்சு திரும்பப் பார்க்கணும், ஏறலன்னா இன்னொரு தடவை. பஞ்சாமிர்தம் இனிப்புதான், ஆனா அதுல நெய் இருக்கு, மெதுவாத்தான் ஏறும். முதல்ல குளுக்கோஸ், பிரசாதம் அப்புறம்.

போன தடவை அஞ்சாம் நாள் சாயங்காலம் மீட்டர்ல 58. குளுக்கோஸ் டப்பாவைக் கையில வெச்சுக்கிட்டு முழிச்சேன், அஞ்சு நாள் விரதம் போச்சேன்னு. பாட்டி பார்த்துட்டாங்க. "ஒரு பழம் கிடைக்கலன்னு ஆண்டியாப் போனவன்டா அவன். பசிச்ச பிள்ளை வாயில போட்டா கோவிச்சுக்குவானா? குடிடா முதல்ல!" குடிச்சேன். கால் மணி நேரத்துல 96. அப்புறம்தான் விளக்கேத்தினேன்.

திருச்செந்தூர் போறவங்களுக்கு ஒண்ணு. சூரசம்ஹாரக் கூட்டத்துல பை ஒரு பக்கம், நாம ஒரு பக்கம் ஆயிடுவோம். குளுக்கோஸ் சட்டைப் பையில இருக்கணும், பையில இல்ல. இன்சுலினை வெயில்ல நிக்கிற பைக் பெட்டியிலயோ வண்டிக்குள்ளயோ விடாதீங்க, சூட்டுல வீணாயிடும். மணல்ல நடந்துட்டு வந்ததும் பாதத்தைத் திருப்பிப் பாருங்க. கூட வர்ற நண்பன்கிட்ட முன்னாடியே சொல்லி வைங்க: நான் மயங்கினா வாயில எதையும் ஊத்தாதே, 108-ஐக் கூப்பிடு.

இந்த வருஷம் என் நீண்ட நேர ஊசியை 20-ல இருந்து 16 ஆக்கச் சொல்லியிருக்கார் டாக்டர். அது என் உடம்புக்கான எண், யாரும் காப்பி அடிக்காதீங்க. உங்க எண்ணை உங்க டாக்டர்கிட்ட காப்புக் கட்டுறதுக்கு முன்னாடியே கேட்டு வாங்கிடுங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!