கயலுக்கு, ஷாக் சிகிச்சை பற்றி

ஜெயநகர், பெங்களூரு

அன்புள்ள கயல்,

நிமான்ஸ் மருத்துவமனையில் அம்மாவுக்கு ஈ.சி.டி. என்ற ஷாக் சிகிச்சை வைக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்ற உன் செய்தியை நேற்று இரவு பார்த்தேன். "மூளையைக் கருக்கிவிட மாட்டார்களே அத்தை?" என்று கேட்டிருந்தாய். போனில் பேசினால் பாதி விட்டுப்போகும். அதனால் எழுதுகிறேன்.

முதலில் உனக்குத் தெரியாத ஒன்று. 2011இல் எனக்கும் எட்டு முறை வைத்தார்கள். நம் வீட்டில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அத்தைக்கு உடம்பு சரியில்லை என்பதோடு முடித்திருப்பார்கள்.

நாலு பேர் அமுக்கிப் பிடிக்க, ஆள் துள்ளித் துடிக்கும் சினிமாக் காட்சியை மறந்துவிடு. அது முழுப் பொய்யும் இல்லை. மயக்க மருந்தில்லாமல் வைத்த காலம் நம் நாட்டில் நெடுநாள் இருந்தது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அதைத் தடை செய்தது. இப்போது மயக்கம் கொடுத்து, தசையைத் தளர்த்த ஊசி போட்டு, அதற்குப் பிறகுதான் சில நொடி மின்சாரம். குணம் தருவது மின்சாரம்கூட அல்ல, அது எழுப்பும் வலிப்பு. உடம்புதான் அசையாதே, வலிப்பு வந்தது எப்படித் தெரியும்? ஒரு காலில் பட்டையை இறுக்கிக் கட்டி, தசைமருந்து அந்தப் பாதத்துக்குப் போகாமல் தடுப்பதுண்டு. அந்தப் பாதம் மட்டும் துடிக்கும். அரை நிமிடம், மிஞ்சினால் ஒரு நிமிடம்.

இனி மூளை. தாத்தாவைக் கடைசியில் சரியாகக் கவனிக்கவில்லை, எல்லாம் என்னால்தான் என்று அம்மா ஒரே பேச்சையே சுற்றிச்சுற்றி வருகிறார் என்றாயே, செக்குமாடு மாதிரி, அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் மூளை சும்மா இருப்பதில்லை. தன்னைப் பற்றிய நினைப்பை ஓட்டும் சில பகுதிகள் ஒன்றுசேர்ந்து இயங்குகின்றன. அந்த வலைப்பின்னல் மற்ற பகுதிகளோடு இறுகிச் சிக்கிக்கொள்வதால்தான் மனம் ஒரே தடத்தில் மாட்டிக்கொள்கிறது என்பது ஒரு கருத்து. 2012இல் வந்த ஓர் ஆய்வுக்காக ஸ்காட்லாந்தின் அபர்டீனில் 9 நோயாளிகளைச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் ஸ்கேன் செய்தார்கள். இடது முன்மூளையின் ஒரு பகுதியில் இணைப்பு குறைந்திருந்தது. 9 பேர் என்பது சின்னக் கணக்குதான். பின்னால் வந்த ஆய்வுகளில் சில இணைப்புகள் தளர்கின்றன, சில இறுகுகின்றன.

கருகுகிறதா என்ற கேள்விக்கு இன்னும் நேரான பதில் உண்டு. நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி, சிகிச்சைக்குப் பின் சற்றே பருக்கிறது. 2018இல் பல நாட்டு ஆய்வாளர்கள் 281 பேரின் ஸ்கேன்களைச் சேர்த்துப் பார்த்துச் சொன்னது இது. ஆனால் அதிகம் பருத்தவர்கள் அதிகம் குணமானார்கள் என்று இல்லை. பருப்பதுதான் நோயைத் தீர்க்கிறது என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதே.

என் அண்ணன், குணசீலம் கோயிலுக்குப் போய் 48 நாள் தங்கலாம் என்கிறாராம், யோகா போதும் என்கிறாராம். கோயிலுக்குப் போகட்டும், பெருமாள் மருத்துவத்துக்கு எதிரி அல்ல. ஆனால் சாப்பாட்டையே ஒதுக்கிவிட்டவரை 48 நாள் காக்கவைப்பதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். யோகாவை இதே நிமான்ஸில் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 2000இல் வந்த ஆய்வு அது. கடும் மனச்சோர்வோடு சேர்க்கப்பட்ட 45 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். நாலு வாரத்தில் ஈ.சி.டி. பிரிவில் 93 சதவீதம் தேறினார்கள், மாத்திரையில் 73, சுதர்சன கிரியா என்ற யோக மூச்சுப் பயிற்சியில் 67. மூச்சுப் பயிற்சி வீண் இல்லை என்பதும் இதில் தெரிகிறது. அண்ணனிடம் இரண்டையும் சொல்.

இப்போது கசப்பானது. உங்கள் திருச்சி வீட்டுக் கிரகப்பிரவேச போட்டோவில் உன்னைத் தூக்கிக்கொண்டு நிற்கிறேன். அந்த நாள் எனக்கு இல்லை. பட்டுப்புடவையை அடையாளம் தெரிகிறது, நாள் திரும்பவில்லை. சிகிச்சையை ஒட்டிய வாரங்களின் நினைவு சிலருக்கு இப்படிப் போய்விடும். புதிதாகக் கற்கும் திறன் பெரும்பாலும் சில வாரங்களில் திரும்பிவிடும், எனக்கும் திரும்பியது. போனது பற்றி எனக்கு வருத்தம் குறைவு. முன்கூட்டி ஒருவரும் சொல்லவில்லையே என்பதுதான் இன்றுவரை ஆறவில்லை. அந்த மருத்துவமனையின் பெயர் இப்போது எதற்கு?

ஆகவே நீ கேள். மின்முனைகளை எங்கே வைப்பார்கள், எத்தனை முறை, நினைவைச் சோதிப்பார்களா என்று தாளில் எழுதி எடுத்துப்போ. முடிந்த பிறகு மாத்திரையை நிறுத்தவிடாதே. தொடர்ந்து சாப்பிட்டாலும்கூடச் சுமார் பாதிப்பேருக்கு ஓராண்டுக்குள் நோய் திரும்புகிறது. எல்லாவற்றுக்கும் முன், அம்மாவிடம் விளக்கிச் சொல்லச் சொல். கையெழுத்து போடவேண்டியவர் அவர், அண்ணனோ நீயோ அல்ல.

காலையில் வெறும் வயிற்றோடு போகவேண்டும். காப்பி இல்லாமல் அண்ணி முகம் சுளிப்பார். விழித்ததும் தலை வலிக்கும், எங்கே இருக்கிறோம் என்றே கொஞ்ச நேரம் தெரியாது. அப்போது கண்ணில் படுகிற முதல் முகம் உன்னுடையதாக இருக்கட்டும். சாப்பிடக் கொடுக்கலாம் என்று நர்ஸ் சொன்னதும் போன் செய். பிளாஸ்கில் காப்பியோடு வருகிறேன்.

உன் அத்தை